தளபதியின் இடது காது

எழுத்தாளர் நிருபம் கட்டக், மந்திராவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, இந்தப் பசங்க என் உயிரை வாங்குறாங்க! கதையை எழுதினவன் நானு. ருத்ரபாணி செத்துட்டான்னு நானே சொல்றேன். நம்ப மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தெரியாது சார்னு எனக்கே பாடம் எடுக்கிறாங்க!"

மந்திரா சரி என்றாள். கணவர் பிபாஸ் போனதிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரிதான். சிராத்தத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, அவருடைய சட்டைகளை யாருக்குக் கொடுப்பது, எதைக் கேட்டாலும் அதே பதில். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாத்தனார் அதை பாலிகஞ்ச் பேட்டை முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டாள். சொல்லட்டுமே. ஹில்சா மீன் வைத்தாலும் வெறும் சோறு வைத்தாலும் மந்திராவின் நாக்குக்கு இப்போது ஒன்றுதான்.

நிருபம் பிபாஸின் பால்ய சிநேகிதர். வருஷா வருஷம் பத்திரிகையின் பூஜை மலரில் 'கருநீலக் கடல்' என்ற மாயக்கதையை எழுதுகிறவர். முதல் பாகத்திலிருந்து அதற்குப் படம் போடுகிறவள் மந்திரா. மூன்றாம் பாகத்தில் மலையிலிருந்து விழுந்து சாகிற தளபதி ருத்ரபாணி உண்மையில் சாகவே இல்லை, ஐந்தாம் பாகத்தில் வருகிற படகோட்டி நகுல்தான் அவன் என்று வாசகப் பிள்ளைகள் கண்டுபிடித்திருந்தார்கள். ஆதாரம் என்னவென்றால், காது. படங்களில் இரண்டு பேருக்கும் இடது காது மடல் ஒரே இடத்தில் பிளந்திருக்கிறதாம்.

"கடைசிப் பாகத்துல நகுலுக்கு அம்மா, தங்கச்சி, சொந்த ஊரு எல்லாம் வெச்சிட்டேன் அண்ணி. அது வெளிவந்தா ஏமாத்திட்டான்னு என்னைத் துரத்தித் துரத்தி அடிப்பாங்க. சனிக்கிழமை அவங்க கூட்டம் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம், புதுப் பதிப்புக்கு அந்தக் காதையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துடுங்க. ஒரு கோடு இழுத்தாப் போதும், இல்லையா?"

அதற்கும் மந்திரா சரி என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினார். மனுஷனுக்கு எழுத வரும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மட்டும் வராது.

அந்தக் காது பிபாஸுடையது. சின்ன வயதில், விஸ்வகர்மா பூஜை அன்று மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டான் மாஞ்சா நூல் அறுத்துவிட்டுப் போனது. ஆளுக்கு அதில் வெட்கமோ வெட்கம். கேமராவைக் கண்டால் உடனே வலது பக்கம் காட்டித் திரும்பிவிடுவார். கல்யாணப் படத்தில் அப்படித்தான். இப்போது மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்திலும் அப்படியேதான். ஆனால் மந்திரா வரைகிற அறையில் வெளிச்சம் ஜன்னலிலிருந்து எதிரில் உட்காருபவரின் இடப்பக்கம்தான் விழும். "அந்தப் பக்கம் வேணாமே" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்காருவார். இவள் பார்த்ததை வரைந்தாள். அவ்வளவுதான் ரகசியம்.

சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு புத்தகக்கடையின் மாடி. மண் குவளையில் டீயும் சமோசா மாதிரி சிங்காராவும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. தோர்ஷா என்று ஒரு கல்லூரிப் பெண், குதிரைவால் முடி, குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவள்தான் இந்தக் கட்சியின் தலைவி.

"வாங்க சார்! இன்னிக்கும் யார் காதுல பூ சுத்த வந்திருக்கீங்க?"

"ஏய், பெரியவங்கன்னு மரியாதை இல்லையா உனக்கு?" நிருபம் எகிறினார்.

"மரியாதை எல்லாம் இருக்கு சார். ஆனா எங்க தளபதியைக் கொல்ல விடமாட்டோம்!"

கூட்டம் மேஜையைத் தட்டியது. மந்திரா பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சத்தமெல்லாம் எங்கோ தெருக்கோடியில் நடப்பதுபோல் இருந்தது. தோர்ஷா மடிக்கணினியைத் தட்டவும் சுவரில் படம் விழுந்தது.

காது. கதவு உயரத்துக்கு ஒரு காது, பக்கத்தில் அதேபோல் இன்னொன்று. மடலில் அந்தப் பிளவு, அதன் கீழ் மச்சம், கழுத்துப் பக்கம் சுருண்ட நாலு முடி. தான் எப்போது அந்த மச்சத்தை வரைந்தோம் என்று மந்திராவுக்கு நினைவில்லை.

"இது தளபதி. இது நகுல். ரெண்டும் ஒண்ணுதானே? சொல்லுங்க மாசி, ஒரே ஆள்தானே?" என்று சித்தி முறை வைத்து மந்திராவைக் கேட்டாள் தோர்ஷா.

யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள். மந்திரா அதைப் பிடித்துக்கொண்டு பேசினாள். குரல் தட்டையாக வந்தது.

"ஒரே ஆள்தான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. படம் போட எதிர்ல யாராவது உட்காரணும். வீட்டுல சும்மா கிடைச்சது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். தளபதி, படகோட்டி, ரெண்டாம் பாகத்துத் திருடன், அந்தக் கிழட்டு மந்திரவாதி, எல்லாம் அவரேதான். நிருபம் சொல்றது நிஜம். கதையில தளபதி வேற, நகுல் வேற."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "போச்சுடா! ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டது வீணா!" என்று ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். தோர்ஷாவே விழுந்து விழுந்து சிரித்தாள். தோற்றதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"மாசி, அப்போ எங்க நிஜத் தளபதி வீட்டுலயா இருக்கார்? ஏன் கூட்டிட்டு வரலை? போன் பண்ணுங்க, இப்பவே வரச் சொல்லுங்க! அந்தக் காதை நாங்க நேர்ல பாக்கணும்!"

"கூப்பிடுங்க! கூப்பிடுங்க!" என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நிருபத்தின் முகம் வெளுத்துப்போனது.

"இல்லம்மா," என்றாள் மந்திரா. "அவர் செத்துட்டார்."

ஊரே சொன்ன வார்த்தை. அவள் வாயிலிருந்து இன்றுதான் வந்தது. மைக்கை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காதையே பார்த்தாள்.

நிருபம் பதறிப்போய் எழுந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசினார். "சரி, சரி, விடுங்கப்பா. குழப்பம் தீர்ந்துச்சில்ல? புதுப் பதிப்புல அந்தக் காதையும் மாத்திடறோம்."

"மாத்த முடியாது, நிருபம்."

"அண்ணி, நீங்கதானே அன்னிக்கு..."

"முடியாது. உன் நகுலுக்கு எத்தனை அம்மா வேணும்னாலும் வெச்சுக்க. காதைத் தொட மாட்டேன்."

தோர்ஷாவின் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்க மாசி, எனக்குத் தெரியாது" என்று திக்கித் திணறிக்கொண்டே மடிக்கணினியை மூட ஓடினாள்.

"அணைக்காதேம்மா," என்றாள் மந்திரா. அவளுக்கு அழுகை வந்துவிட்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. "நான் இன்னும் பாத்து முடிக்கலை."