கரண்டும் ஒத்தடமும்

வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி பின்னங்கால் விரல்களை விசிறியாக விரிக்க வேண்டும். விரித்தால் முதுகுத்தண்டு நன்றாக இருக்கிறது. மடக்கிக்கொண்டால் முடிந்தது கதை. கூண்டுக்காரர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் எலிக்குத் தீனி போட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்த வருஷம் வந்த ஆராய்ச்சி டாக்டர் எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்துக்கு முதுகில் கதிர்வீச்சு மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜனங்கள் அதைக் கரண்டு என்பார்கள். இரண்டாவதுக்குச் சூடு மட்டும். மூன்றாவதுக்குக் கரண்டு வைத்த கையோடு சூடும். தனியாக வைத்த கரண்டு ஒன்றும் செய்யவில்லை. தனியாக வைத்த சூட்டில் மறுநாள் தள்ளாடிய எலிகள் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டன. இரண்டும் வாங்கியவையும் ஆறு மாசம் ஓடியாடித் திரிந்தன. முதுகுத்தண்டு தாங்குகிறது என்று எழுதிக்கொண்ட டாக்டர், எல்லாவற்றையும் கொன்றுவிடச் சொன்னார்.

கூண்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. அன்று காலை மூன்றாவது கூட்டத்தில் ஒன்று அரைகுறையாகத்தான் விரித்திருந்தது. சொன்னார். வாலை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள் பெரியவரே என்று டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேசுகிற படிப்பாளியை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டை மட்டும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தார்.

மறு மாசம் அவருடைய தம்பிக்கு முதுகெலும்பை ஒட்டிக் கட்டி என்றார்கள். தம்பி பெயின்டர். ஏணியும் இரண்டு காலும்தான் அவன் சொத்து. நாலு வாரம் கரண்டு, வாரத்தில் இரண்டு நாள் கூடவே சூடு, அப்போதுதான் கட்டி கரையும், எலிகளிடம் பார்த்தாயிற்று என்றார்கள் ஆஸ்பத்திரியில். சூடு என்றதும் அவன் முழித்த முழியைப் பார்த்து, ஒத்தடம் கொடுப்பது போலத்தான் என்று நர்ஸ் சொல்லிவைத்தாள். அந்த ஒரு வார்த்தையில் ஆள் விழுந்துவிட்டான். ஒத்தடத்துக்கு எவன் பயப்படுவான்?

எலிகளுக்குக் கரண்டு வைத்த எட்டாம் மாசம், ஒளித்து வைத்திருந்த எலிகளில் ஒன்று தன் பின்பாதியை ஈரத்துணியாக இழுத்துக்கொண்டு தீனிக்கு வந்தது. இரண்டு நாளில் மற்றதும். கூண்டுக்காரர் இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு டாக்டர் மேசையில் வைத்தார். டாக்டர் எலியைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். கொல்லச் சொன்னதைக் கொல்லாதது தப்பு என்றார். ஒன்றையொன்று கடித்திருக்கும் என்றார். கடைசியில், எலி வேறு மனிதன் வேறு என்றார்.

"அப்ப எதுக்கு சார் எலியைப் பாத்துட்டு மனுஷனுக்கு வைக்கிறீங்க?"

டாக்டர் கதவைக் காட்டினார்.

கூண்டுக்காரர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தம்பி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான். நாலு ஒத்தடம் முடிந்திருந்தது, நாலு பாக்கி. கரண்டை வைத்துக்கொள், மீதி ஒத்தடத்தை வேண்டாமென்று சொல்லிவிடு என்று மூச்சிரைக்கச் சொல்லி, எலிகளின் கதையையும் சொன்னார்.

"நீ எனக்கு அண்ணனா, எலிக்கு அண்ணனா?" என்றான் தம்பி. பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன.

"டேய், அது ஒத்தடம் இல்லடா."

"என்ன எழவோ. ரெண்டு மாசமா நிமிர முடியாம கெடந்தேன். இப்ப வலி இல்ல. உனக்கு யாரைத்தான் புடிக்கும்? எவன் நல்லது செஞ்சாலும் மோந்து பாப்ப."

கூண்டுக்காரருக்குச் சுருக்கென்றது. எக்கேடும் கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு, படியிறங்கி வந்துவிட்டார். இன்னும் கால் மணி நேரம் நின்று கெஞ்சியிருக்கலாம். நிற்கவில்லை.

தம்பி மறுபடி ஏணி ஏறினான். அண்ணன் தெருவில் போனால், உன் எலிப் பிள்ளைகள் சௌக்கியமா என்று மேலேயிருந்து கத்துவான். இவர் மேலே பார்க்கமாட்டார். ஏணிப்படியில் பதிகிற பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

ஒத்தடம் முடிந்த பத்தாம் மாசம், நடுத்தெருவில் ஒரு செருப்பு கழன்று கிடக்க, அது தெரியாமலே பத்தடி நடந்து போனான் தம்பி. பின்னால் வந்த யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு காலும் படுத்துவிட்டன. படம் எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம், கட்டி இருந்த இடமே தெரியவில்லையாம். கால்? சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள்.

படுக்கைப்புண் வராமலிருக்க அவனைப் புரட்டிப் போட வேண்டும். வேலை விட்டதும் கூண்டுக்காரர் போய் அதைச் செய்தார். ஒரு மாசம் தம்பி அவரிடம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மேலே காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நான் சிரிச்சேன், சரி. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல? அந்த ஒத்தடத்துக்குப் போகவிடாம அன்னைக்கே ஒரு கட்டையை எடுத்து என் காலை ஒடச்சுப் போட்டிருக்கலாம்ணே. அது ரெண்டு மாசத்துல கூடியிருக்கும்."

கூண்டுக்காரர் அக்குளுக்கடியில் கை கொடுத்து, தம்பி முகம் சுவரைப் பார்க்கும்படி அவனைத் திருப்பிப் படுக்கவைத்தார்.