எல்லாரும் போறாங்களாம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் முடிவு பண்ணுவதில்லை. பக்கத்து வீட்டில் என்ன பண்ணுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்கள், அதையே பண்ணுகிறார்கள், அப்புறம் அதற்கு முடிவு என்று பெயர் வைக்கிறார்கள். பெற்ற பிள்ளை விஷயத்திலும் இதே கதைதான். “எல்லாரும் போறாங்க” என்று பிள்ளை சொன்னால் போதும். பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கார் சாவியைத் தேடுகிறார்கள்.

என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது.

பேத்தி ப்ரோனாவுக்குப் பதின்மூன்று வயது. அவளும் அவள் அம்மா கிரானியாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். கிரானியா என் மகள், முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிறாள். டவுனில் இருக்கிற நைட் கிளப்பில் வெள்ளிக்கிழமை பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் டிஸ்கோவாம். எட்டு மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்கு வெளியே. குடி கிடையாது, பெற்றோருக்கும் அனுமதி கிடையாது. குடி இல்லை என்றதை நான் நம்பவில்லை. பெற்றோர் கூடாது என்றதை நம்பினேன், அதுதான் இன்னும் அதிகமாகப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆறு மணிக்கு மேல் பஸ் கிடையாது. கிரானியா தன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். மிச்சம் இருப்பது என் கார்.

“நீங்கதான்ப்பா கூட்டிட்டுப் போகணும்,” என்றாள் கிரானியா, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே. “அதனால போலாமா வேணாமான்னு நீங்களே சொல்லிடுங்க. அவகூட வாதாடி எனக்குத் தொண்டை போச்சு.”

“நீ என்ன நினைக்கிற?”

“பதினாலு பேருக்கு டயபர் மாத்தணும்ப்பா எனக்கு. நினைக்கிற வேலைய நீங்க பாருங்க.”

அவள் போன பிறகு ப்ரோனா சமையலறைக்கு வந்தாள். ரொட்டியைச் சுட்டு, அதன்மேல் டப்பா பீன்ஸைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“யார் யார் போறாங்க?” என்றேன்.

“எல்லாரும்.”

“எல்லாருக்கும் பேர் இருக்குமே.”

“டூலன் வீட்டு ஆர்லா. கோர்கரன் வீட்டு ரோஷீன். அப்புறம் எல்லாரும்.”

“ரெண்டு பேருதானா எல்லாரும்?”

“தாத்தா, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் ரோஷீனின் அம்மா மரேடைப் பிடித்தேன். மகளை அனுப்புகிறாயா என்று நேராகவே கேட்டேன்.

“டூலன் வீட்டுல விடறாங்களே மேட்டி. அவங்க விடும்போது நான் மட்டும் எப்படிப் பிடிச்சு வைக்கிறது?”

அங்கிருந்து கடைக்குப் போனேன். ஆர்லாவின் அம்மா ஆஷ்லிங் டூலன் ஹாம் இறைச்சி வாங்க வரிசையில் நின்றிருந்தாள். அவளிடமும் அதையே கேட்டேன்.

“உங்க ப்ரோனா போறாளே,” என்று சிரித்தாள். “மேட்டி கில்ராயே பேத்திய விடறாருன்னா அதுல தப்பு இருக்காதுன்னுதான் நானும் சரின்னுட்டேன்.”

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் என் பெயரைச் சொல்லி ஊரில் பாதிப் பேர் அனுமதி கொடுத்தாகிவிட்டது. ஹாம் வாங்காமலே வீட்டுக்கு வந்து ப்ரோனாவைக் கேட்டேன்.

“நான் பொய் சொல்லல,” என்றாள் ப்ரோனா. “போறேன்னுதான் சொன்னேன். தாத்தா விட்டுட்டாருன்னு சொல்லல.”

“நீ போகப் போறதில்ல. முடிஞ்சு போச்சு.”

“ஏன்?”

“வயசு பத்தாது.”

“எத்தன வயசு பத்தும்?”

சும்மா, “பதினாறு,” என்றேன்.

“ஏன், பதினஞ்சு ஆகாதா? பதினேழு?”

நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்து வந்து எதிரில் நின்றாள்.

“போன வருஷம் சர்ச்சுல எனக்கு உறுதிபூசுதல் சடங்கு ஆச்சுல்ல. பதினெட்டு வயசு வரைக்கும் குடிக்க மாட்டேன்னு ஆயர் முன்னாடி கையத் தூக்கி சத்தியம் பண்ணேன். நீங்க முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்க. அப்ப எனக்குப் பன்னெண்டு. சத்தியம் பண்ண வயசு பத்தாதுன்னு யாருமே சொல்லல.”

குடிக்காதவன் என்று காட்டும் திரு இருதயச் சின்னம் என் கோட்டில் வாலிப வயதிலிருந்து இருக்கிறது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு வருஷத்துக்கு என் பேச்ச நம்பறீங்க. மூணு மணி நேரத்துக்கு நம்ப மாட்டீங்க.”

“உன்ன நம்பலன்னு யாரு சொன்னா? அந்த இடத்தத்தான் நம்பல.”

“அப்ப போய்ப் பாருங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை மத்தியானம் கிளப்புக்குப் போனேன்.

பகல் வெளிச்சத்தில் அந்த இடம் மாட்டுக் கொட்டகையை விடப் பரிதாபமாக இருந்தது. பினாயிலும் பழைய பீரும் கலந்து நாறியது. தரை பூட்ஸைப் பிடித்து இழுத்தது. முதலாளி கோல்ம் ராஃப்டர் முன்னால் நடந்தான். அவன் அப்பனைக் கன்றுச் சந்தையில் எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்குக் கன்றைக் கழுவித் துடைத்து விற்கிற ஆள்.

குடி விற்கும் இடத்துக்கு ஷட்டர் போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன். கக்கூஸ் கதவுகளைத் திறந்து மூடினேன். ஜன்னல் வழியாகப் பாட்டில் உள்ளே வருமா என்று கையை விட்டுப் பார்த்தேன்.

“கண்ணுக்குட்டி வாங்க வந்த மாதிரி பாக்குறீங்களே பெரியவரே,” என்றான் கோல்ம்.

“உங்கப்பாகிட்ட வாங்கினவன் தம்பி. அதான் பாக்குறேன்.”

அவன் சிரித்து வைத்தான்.

“வெளியவே குடிச்சுட்டு ஒரு பிள்ள வந்தா என்ன பண்ணுவீங்க?”

“வாசல்லயே நிறுத்திடுவோம். உள்ள வந்தப்புறம் வாடை அடிச்சாலும் அடுத்த நிமிஷம் வெளிய. இதுல தயவு தாட்சண்யமே கிடையாது.” மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

“வெளியன்னா எங்க?”

“வெளியன்னா... வெளிய.”

பின் கதவைத் தள்ளினேன். கார் நிறுத்துமிடம். அதைத் தாண்டி கால்வாய், கறுப்புத் தண்ணீர், வேலி கிடையாது. நவம்பர் காற்று ஊசியாகக் குத்தியது.

“பதிமூணு வயசுப் பொண்ணு,” என்றேன். “குடிச்சிருக்கா. மேல ஒரு துண்டுத் துணி. இங்க கொண்டாந்து விட்டுட்டு நீ கதவச் சாத்திப்ப. இதானே உங்க கண்டிப்பு?”

“இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

“கதவச் சாத்தினவனுக்கு எப்படித் தெரியும்?”

கோல்ம் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “ஹாலோவீன் அன்னிக்கு ஒருத்திய நான்தான் போய் உள்ள கூட்டிட்டு வந்தேன் கோல்ம். உன்கிட்ட சொல்லல.”

வாசலில் காவல் நிற்கிற மஜெல்லா. கதவு அகலத்துக்கு இருப்பாள். மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏன் சொல்லல?” என்றான் கோல்ம்.

“நீ திரும்பவும் வெளிய போடச் சொல்லியிருப்ப.”

நான் இடையில் புகுந்தேன். “ஒரு ரூம் வேணும். வெளிய அனுப்புற பிள்ளய அங்க உக்கார வைங்க. வீட்டுக்குப் போன் போடுங்க. வீட்டு ஆள் வந்து கையப் பிடிச்சப்புறம்தான் விடணும்.”

“நான் என்ன குழந்தைக் காப்பகமா நடத்துறேன்?”

“வெள்ளிக்கிழமை அதான் நடத்துற. முடியாதுன்னா சொல்லிடு. இன்னிக்கு சாயங்காலமே வீடு வீடா ஏறி இந்தக் கால்வாயப் பத்திச் சொல்லுவேன். எனக்கு வேற வேல இல்ல.”

அவன் மஜெல்லாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு வேறு வேலை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். “ஆபீஸ் ரூம எடுத்துக்கோ,” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

“ஒரு பொண்ணும் வெளிய போகாது,” என்றாள் மஜெல்லா. “என் பொறுப்பு.”

நல்லவளாகத்தான் தெரிந்தாள். கோல்மின் அப்பனும் பார்வைக்கு நல்லவன்.

வரும் வழியில் டூலன், கோர்கரன் இரண்டு வீட்டிலும் வண்டியை நிறுத்தி, நீங்களும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். “அதான் நீங்க பாத்துட்டீங்களே மேட்டி,” என்றாள் ஆஷ்லிங். மரேட், “ஆஷ்லிங் என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

கேட்ட ரூம் கிடைத்துவிட்டதால் ப்ரோனாவைப் போகச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் படி இறங்கி வந்தாள். கண்ணுக்குக் கீழே மினுமினுப்பு, கையில்லாத சட்டை.

“கோட்டு,” என்றேன்.

“யாரும் கோட்டு போட மாட்டாங்க தாத்தா. கோட்ட வாங்கி வைக்கிற க்யூவுலயே பாதி நேரம் போயிடும்.”

“கோட்டு ஏறினாத்தான் வண்டி கிளம்பும்.”

போட்டுக்கொண்டாள். வழியில் ஆர்லாவும் ரோஷீனும் ஏறினார்கள், இரண்டு பேரும் கோட்டு இல்லாமல். மூன்று பேரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு கிசுகிசுத்தார்கள். கிளப்புக்கு ஒரு தெரு முன்னாலேயே, “இங்கயே இறக்கி விடுங்க தாத்தா,” என்றாள் ப்ரோனா. விட்டேன். கதவைச் சாத்தும்போது, “தேங்க்ஸ்,” என்று குனிந்து சொன்னாள். சாதாரணமாக அவள் அதைச் சொல்வதில்லை.

திரும்பிப் பார்த்தால் கோட்டு சீட்டில் கிடந்தது.

வண்டியைப் பூட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு நடந்தேன். வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ப்ரோனா வாசலைத் தாண்டுவதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். அவள் தலை மறைந்த பிறகு மஜெல்லாவிடம் போய்க் கோட்டை நீட்டினேன்.

“ப்ரோனா கில்ராய்னு ஒரு பொண்ணு. அவள வெளிய விடறதா இருந்தா முதல்ல இத மாட்டி விடுங்க.”

“யாரையும் வெளிய விட மாட்டேன்னு சொன்னேனே பெரியவரே.”

“சொன்னீங்க. கோட்டு இருக்கட்டும்.”

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “பதினொண்ணுக்கு வாங்க. இப்பவே நின்னா விறைச்சுப் போயிடுவீங்க.”

“பத்துக்கு வரேன்.”

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, என் பூட்ஸுக்கு அடியில் தரை அதிர்ந்தது. எந்த வயது போதும் என்று எனக்கு இன்னும் தெரியாது. பதின்மூன்று போதாது என்றுதான் அப்போதும் பட்டது. பின் பக்கமாகச் சுற்றிப் போய், கால்வாய் ஓரத்தில் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கார் இருந்த தெருவுக்கு நடந்தேன்.