சேஞ்ச் ஓவரில் வண்டிப் பூட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பாள் என் மனைவி அன்னாள். பொய்யில்லை. அன்று காலை அது ஒரு பூட்டுக்காக வந்தது.

வேடசந்தூர் சாலை நூற்பாலையில் நானும் பெருமாள்சாமியும் எலக்ட்ரீஷியன்கள். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மச்சான், மாப்பிள்ளை என்றுதான் பேச்சு. பேனலுக்குள் கை வைக்கிறவன் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி தன் பூட்டை மாட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்ள வேண்டும். இது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். என் பூட்டு அசல் திண்டுக்கல் பூட்டு, தேங்காய்க் கனம் கனக்கும். பெருமாள்சாமி தன்னுடையதைத் தொலைத்துவிட்டு, கொஞ்ச நாளாக என்னிடம்தான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்ட் இல்லை, மில்லும் ஓடவில்லை. மெயின் பேனலில் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியைத் துடைத்து போல்ட்டுகளை முறுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. நான் பூட்டை நீட்டினேன்.

"லைனே செத்துக் கெடக்கு, இதுக்கு எதுக்கு மாப்ள பூட்டு?" என்று சிரித்தான் பெருமாள்சாமி.

"ஜெனரேட்டரு இருக்குல்ல?"

"மில்லே ஓடல, அத யாரு போடப் போறா? நகைக்கடைக்காரன் மாதிரி இம்புட்டுப் பெரிய பூட்டத் தூக்கிட்டு அலையிற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "செத்துத் தொலை" என்று சொல்லிவிட்டு, பூட்டையும் எடுத்துக்கொண்டு கேண்டீனுக்கு வந்துவிட்டேன்.

பாதி டீ குடித்திருப்பேன். ஜெனரேட்டர் உறுமியது.

"ஆபீசுக்கு வெளியூர் ஆளுக வந்திருக்காகளாம். ஏசி போடணும்னு மேனேஜரு சொல்லிட்டாராம்" என்றார் கேண்டீனில் டீ போடும் பொன்னழகு அக்கா.

ஜெனரேட்டர் ஓடுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜெனரேட்டர் அறையில், மின்வாரிய லைனை விட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே தள்ளினால் போதும், பேனல் முழுக்கக் கரண்ட் வந்துவிடும். உள்ளே பெருமாள்சாமி வெறுங்கையை விட்டுக்கொண்டிருக்கிறான். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. வேலை பார்க்கும்போது போனைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிடுவது அவன் பழக்கம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு, பூட்டும் கையுமாக ஓடினேன். நான் சொன்ன வார்த்தையும் கூடவே ஓடி வந்தது. மாதாவே, அதைக் கணக்கில் வைக்காதே என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். அவன் மனைவி தீபாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜெனரேட்டர் அறையில் ஆபரேட்டர் அப்துல் கையூம் கைப்பிடியைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க பாய்! உள்ள ஆளு இருக்கு!"

அவர் பதறிப்போய் கையை எடுத்தார். "அது நகந்தாத்தானப்பா! எந்தப் புண்ணியவான் இதுல வண்டிச் சங்கிலியச் சுத்தி வச்சிருக்கான், பாரு."

பார்த்தேன். நீல பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலி. நடுவில் அணைத்து நிறுத்திய கைப்பிடியையும் பக்கத்துக் குழாயையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டியிருந்தது. பெருமாள்சாமியின் டிவிஎஸ்ஸில் தினமும் தொங்கும் பூட்டு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அத்தனை நிம்மதி எனக்கு.

பேனல் அறைக்குப் போனேன். தலை மீசையெல்லாம் பஞ்சோடு பெருமாள்சாமி எட்டிப் பார்த்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"பூட்டு..." என்று ஜெனரேட்டர் அறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"நீ போனப்புறம் உள்ள கைய விடப் பாத்தேன், வரல. நீ திட்டுனதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. போயி வண்டிப் பூட்டக் கழட்டியாந்து மாட்டுனேன்." பனியனைத் தூக்கி அரைஞாணில் தொங்கிய சாவியைக் காட்டினான். "ஜெனரேட்டர் சத்தம் கேட்டுச்சா, செத்த நேரம் இதத்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"இனிமே அந்த வார்த்த சொல்ல மாட்டேன் மச்சான்."

"சொல்லு. பூட்டக் குடுத்துட்டுச் சொல்லு."

அதற்குள் கையூம் பாய் வந்து நின்றார். கரண்ட் எப்போது வரும் என்று மேனேஜர் கேட்கிறாராம். நான் அவரோடு திரும்பிப் போய், அந்தச் சங்கிலியோடு சேர்த்து என் பூட்டையும் மாட்டி, சாவியை என் அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்தாத்தான் கரண்டு பாய். அதுவரைக்கும் ஆபீசுல விசிறிக்கிடச் சொல்லுங்க."

பேனல் அறையில் பெருமாள்சாமி எனக்கும் ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்திருந்தான். ஜெனரேட்டர் வெளியே சும்மா கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினோம்.