கோட்டுக்குக் கொஞ்சம் மேலே

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று நர்ஸ் கத்திக்கொண்டே இருந்தாள். தரைக்கல் பாலிஷ் மேஸ்திரி மூச்சளக்கும் மிஷினின் குழாயைக் கடித்துக்கொண்டு அடிவயிற்றில் இருந்ததையெல்லாம் வழித்து ஊதினார். கண்ணில் பூச்சி பறந்தது. திரையில் கோடு ஏறியது. மூன்று தடவையும் ஏறியது. சுவரோரம் நின்ற மனைவிக்கு வாயெல்லாம் பல்.

பின்னே? காலமெல்லாம் தின்ற கல்தூசி அவர் நுரையீரலில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள், அதற்கு ஊதும் பரீட்சை உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் அவரைச் சும்மா விடவில்லை. பலூன் பலூனாக ஊத வைத்தாள். பரீட்சை என்றால் நிறைய மார்க் வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்கள எடுத்துக்க முடியாதுங்க. இது ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கான மருந்து. உங்க மூச்சு நாங்க வச்ச கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கு."

"மேல இருந்தா நல்லதுதானே?" என்றாள் மனைவி.

"நல்லதுதாம்மா. அதனாலதான் எடுக்க முடியல."

மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவ ஊதறேன் டாக்டர். கம்மியா ஊதிக் காட்டறேன்."

"மூணுல எது அதிகமோ அதுதான் கணக்கு. வேணும்னே கம்மியா ஊதினா மிஷினே காட்டிக் குடுத்துடும்."

"வீட்டுக்கு வந்து பாருங்க. சட்ட மாட்டறதுக்குள்ள ரெண்டு தடவ உக்கார்றேன்."

"புரியுதுங்க," என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷன்தான், அதுதான் எரிச்சலைக் கூட்டியது. திட்டக்கூட ஆளில்லாத கோபம்.

வெளியே வந்ததும் மனைவி மேல் பாய்ந்தார். "ஊது ஊதுன்னு என் உயிர வாங்கினியே!"

"நீங்க மட்டும் என்னவாம்? அந்த நர்ஸ் பொண்ணு சபாஷ்னு சொன்னதும் மூணாவது தடவ உச்சிக்குப் போனீங்களே!"

அது உண்மை. யாராவது ஒரு வார்த்தை பாராட்டினால் மனிதர் உருகிவிடுவார்.

சாலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் போக வேண்டிய பஸ் நின்றது, கூப்பிடு தூரம்தான். கண்டக்டர் இவர்களைப் பார்த்து, சீக்கிரம் வாங்க என்று கையசைத்தார். மேஸ்திரி காலை எட்டிப் போட்டார். சாலையில் பாதி தூரம்தான் வந்திருப்பார், நெஞ்சை அடைத்தது. நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முன்னால் ஓடிய மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு வந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

கண்டக்டர் இன்னொரு தடவை கையசைத்தார். பிறகு விசில் கேட்டது. மேஸ்திரியின் வாய் திறந்தபடியே இருக்க, பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின.