ஏழாம் பாடவேளை

"உந்தப் பாட நேரசூசி கொம்பியூட்டர் போட்டது. நான் அதுக்கு என்ன செய்யிறது?" என்று அதிபர் இராசநாயகம் சொன்னபோது நான் அவருடைய அறையில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பேனை அப்படியே நின்றுவிட்டது. வாசலில் நின்றவர் சின்னத்தங்கம். வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் பாதி வேலையில் எழும்பி வந்திருக்க வேண்டும். விரல்களில் செம்மண் காயவில்லை. செருப்பை வெளியே விட்டிருந்தார். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப நான் அந்தக் கொம்பியூட்டரோடை ஒருக்காக் கதைக்கலாமோ, ஐயா?"

அதிபர் சிரித்தார். அறையில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னத்தங்கம் பகிடிக்குக் கேட்கவில்லை. யார் போட்டதோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் எங்கள் பாடசாலைக்கு அந்தக் கணனி வந்தது. லண்டனில் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பியது. அச்சுவேலிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இப்படி ஒன்று வந்ததென்று ஊரெல்லாம் பெருமை. ஐயரைக் கூப்பிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கண்ணாடித் திரையின் மேல்விளிம்பில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. துடைக்க ஒருவருக்கும் துணிவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு விடுமுறைக்காலம் அதைப் படித்தவள் என்பதால் சாவியை என்னிடம் தந்தார்கள். மற்றபடி நான் குணலட்சுமி ரீச்சர், ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம்.

அதுவரை நேரசூசி போட்டவர் உப அதிபர் மார்க்கண்டு சேர். மார்கழி விடுமுறையில் பெரிய வெள்ளைத் தாளொன்றை மேசையில் விரித்து, பென்சிலும் அழிறப்பருமாக இருப்பார். தை பிறந்து பாடசாலை திறந்ததும் ஆளாளுக்கு அவரோடு சண்டைக்குப் போவார்கள். அவர் கத்துவார், பிறகு அழித்து எழுதுவார். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. அந்த இயந்திரத்தில் ஒரு புரோகிராம் இருந்தது. விவரங்களை அட்டவணைகளாகக் கொடுத்துவைத்தால், கேட்கிற கேள்விக்கு அவற்றிலிருந்து பதில் எடுத்துத் தரும். ஆசிரியர்கள் ஒரு அட்டவணை, வகுப்புகள் ஒரு அட்டவணை, எந்த நாள் எந்தப் பாடவேளையில் யார் எங்கே என்பது இன்னொன்று. ஒரு பாடத்தை வைப்பேன். ஒரே வேளையில் இரண்டு வகுப்பில் நிற்கிற ஆசிரியர் யாராவது உண்டா என்று கேட்பேன். உண்டென்றால் பெயரைக் காட்டும். மாற்றி வைத்துவிட்டு மறுபடி கேட்பேன். எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்றும் கேட்பேன். கறண்ட் போகும், வரும். பலாலி இராணுவ முகாம் பக்கம் குண்டு விழுந்தால் யன்னல் அதிரும், மேசையும் சேர்ந்து அதிரும். கடைசியில் ஒருநாள் இரண்டு கேள்விக்கும் ஒரு பெயரும் வரவில்லை. வெறும் திரையைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

அந்த விடுமுறையில்தான் அதிபர் வந்து, "பஞ்சலிங்கம் சேருக்குக் கடைசி ரெண்டு பாடமும் வேண்டாம். பாத்துப் போடும்" என்றார்.

பஞ்சலிங்கம் சேர் எங்கள் ஓ.எல் சோதினை வகுப்புகளுக்குக் கணிதம். கெட்டிக்காரர், அதில் இரண்டாவது பேச்சில்லை. பின்னேரம் நெல்லியடியில் அவருக்கு ரியூட்டரி. ஓலைக் கொட்டகைக்குள் இருநூறு பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பாடசாலை விட்டபிறகு வெளிக்கிட்டால், வல்லை வெளியில் எதிர்க்காற்றுக்குள் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போய்ச் சேரவே நேரம் சரியாகிவிடும். வாத்திமார் ரியூசன் கொடுப்பது இங்கே ஒரு புதினமில்லை. பகலில் வகுப்பில் விட்ட பாடத்தைப் பின்னேரம் கொட்டகையில் முடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் அதற்கும் கும்பிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள்.

அதிபர் சொன்னபடியும் வைத்துப் பார்த்தேன். ஏ பிரிவுக்கு விடிய முதற்பாடம் கணிதம், பி பிரிவுக்கு அதற்கடுத்தது, ஆறாம் பாடம்வரை அவருக்கு வேறு வகுப்புகள். சி பிரிவுக்குக் கணிதத்துக்கு ஆளில்லை என்று திரை காட்டியது. நான் எடுக்கலாமென்றால் ஏழாம் பாடவேளையில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. போய்ச் சொன்னேன். அதிபர் நெற்றியைத் தடவிவிட்டு, "சரி, நீர் போட்டபடியே விடும்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. அச்சடித்த தாள் முழுக்க இங்கிலீசு எழுத்து. அதைக் கந்தோரில் தமிழாக்கி, ஸ்டென்சிலில் தட்டி, றோணியோவில் உருட்டிப் பிரதியெடுத்துத்தான் ஒட்ட வேண்டும். என் கையிலிருந்து கந்தோருக்குப் போகும் வழியில் அது அதிபரின் மேசையில் ஒரு நாள் கிடந்தது. பாடசாலை திறந்த அன்று அறிவித்தல் பலகையில் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில், 'கணனி மூலம் தயாரிக்கப்பட்டது.' கீழே ஓ.எல் சி பிரிவு, ஏழாம் பாடவேளை, கணிதம், திருமதி பூரணம்.

பூரணம் ரீச்சர் தையல் படிப்பிக்கிறவர். அதே ஏழாம் பாடவேளையில் அவருக்கு எட்டாம் வகுப்புத் தையலும் இருக்கிறது. மனிதர் கைவைத்த இடத்தில் அதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. அவர் வழக்கம்போலத் தையலுக்குப் போனார். சி பிரிவுப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாத மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமன்பாடு எழுதும்போது அந்தப் பக்கத்து இரைச்சல் கேட்கும். முதல் கிழமை இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அதிபரிடம் போய், "சேர், இது நான் போட்டது இல்லை" என்றேன்.

"சின்ன மாற்றம்தானே. ஆரும் கேட்டால் கொம்பியூட்டர் போட்டது எண்டு சொல்லும். ஒருத்தரும் எதிர்க்கதை கதைக்க மாட்டினம்."

அவருக்கு அது ஒரு வசதி. மார்க்கண்டு சேரின் தாளோடு யாரும் சண்டை பிடிக்கலாம், ஏனென்றால் தாளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். பொட்டு வைத்த பெட்டியோடு யார் சண்டைக்குப் போவது? செய்தவர் கதிரையில் இருக்கிறார், பழி பெட்டிக்குப் போகிறது. அதைவிட வெட்கக்கேடு, பெட்டி அதைச் செய்யவே இல்லை.

சி பிரிவு யாருடைய பிள்ளைகள் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சின்னத்தங்கத்தின் மகள் செல்வநாயகி அங்கே முதல் வாங்கில் இருக்கிறாள். இந்த மார்கழியில் சோதினை. கணிதத்தில் சித்தியில்லை என்றால் மேலே படிப்பு இல்லை. தாயோடு தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். நெல்லியடிக் கொட்டகைக்கு அனுப்ப அந்த வீட்டில் வசதியில்லை.

அதனால்தான் அன்று சின்னத்தங்கம் கேட்டதும், அதிபர் சிரித்துக்கொண்டே, "குணலட்சுமி, உவவைக் கொண்டுபோய்க் காட்டிவிடும்" என்றதும், நான் ஒரு கணமும் நிற்கவில்லை. பெட்டியைக் கண்டால் வாயடைத்துப் போய்விடுவார் என்று அதிபர் நினைத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் பின்னால் அவரும் வந்தார். "நீ ஒண்டிலையும் கை வைச்சுப்போடாதை" என்றார், தன் வயதுப் பெண்ணொருத்தியிடம்.

நான் சின்னத்தங்கத்துக்குக் கதிரை போட்டேன். இருந்தார். திரை பச்சையாக வெளித்தது.

"என்ன கேக்க வேணும், அக்கா?"

"ஏழாம் பாடத்துக்கு என்ரை பிள்ளைக்கு ஆர் கணக்குப் படிப்பிக்கிறது எண்டு கேளுங்கோ, ரீச்சர்."

அவர் கேட்டதை அப்படியே தட்டினேன். வகுப்பு, பாடவேளை, பாடம். ஒரு வரி வந்தது. வாசித்தேன்.

"பஞ்சலிங்கம் சேர்."

சின்னத்தங்கம் அதிபரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"அது பழசு," என்றார் அதிபர். "பிறகு மாத்தினது."

"மாத்தினதையும் அதிட்டைக் கேளுங்கோ, ரீச்சர்."

பலகையில் ஒட்டியிருந்தபடி பூரணம் ரீச்சரின் பெயரைப் போட்டேன். ஒரே வேளையில் இரண்டு வகுப்பில் நிற்பவர் உண்டா என்று கேட்டேன். விடுமுறை முழுக்க நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கேள்வி அது. பெயர் வந்தது.

"பூரணம் ரீச்சர் ஏழாம் பாடத்திலை ரெண்டு வகுப்பிலை நிக்கிறா எண்டு சொல்லுது, அக்கா. உப்பிடி நிக்க ஏலாதாம். அது உதைப் போடேல்லை."

அதிபர் இரண்டு எட்டில் சுவரடிக்குப் போய்ச் சுவிச்சைத் தட்டினார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. "கறண்டை வீணாக்காதையும். எல்லாரும் போய் வேலையைப் பாருங்கோ" என்றார். எனக்கு இனி இடமாற்றக் கடிதம் வரும் என்று தெரிந்தது. வரட்டும் என்று இருந்தது.

சின்னத்தங்கம் எழும்பினார். கதிரையில் பட்ட மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அது பொய் சொல்லேல்லை" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆறாம் பாடம் முடிகிற நேரம், என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். எங்கள் வகுப்புக் கொட்டகை கேற்றுக்குப் பக்கத்தில்தான். கேற்றுக்குக் குறுக்கே பெண்கள் நின்றார்கள். தோட்டத்தால் நேரே வந்தவர்கள்; சேலையை முழங்காலளவுக்குத் தூக்கிச் செருகியபடியே, சிலர் கையில் புல்லுப் பிடுங்கும் கத்தியுடன். பஞ்சலிங்கம் சேரின் மோட்டார் சைக்கிள் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தார். ஒருவரும் விலகவில்லை.

"சேர், ஏழாம் பாடத்துக்கு உங்கடை பேர்தான் இருக்காம்," என்றார் சின்னத்தங்கம். "நேற்றுக் கேட்டனாங்கள்."

"வழியை விடுங்கோ. எனக்கு நேரம் போகுது."

"ஓம், சேர். பிள்ளையளுக்கும் போகுது."

அதிபர் விறாந்தைக்கு வந்தார், படியிறங்கவில்லை. பஞ்சலிங்கம் சேர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதிபர் வேறெங்கோ பார்த்தார். ஏழாம் பாடத்து மணி அடித்தது.

நான் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம், சி பிரிவில், செல்வநாயகி எழும்பிப் போய்க் கரும்பலகையைத் துடைத்தாள். மூலைவரை துடைத்தாள். புதுச் சோக்குத் துண்டொன்றை எடுத்து ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு, முதல் வாங்கில் தன் இடத்தில் போய் இருந்து கொப்பியை விரித்தாள். கேற்றடியில் மோட்டார் சைக்கிள் இன்னும் உறுமிக்கொண்டே நின்றது.