கோபித்துக்கொண்ட யானை

அண்ணி தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதியவர். ஒரு சாவிக்கொத்துக்காக மாமியாரையும் மருமகளையும் வாரக்கணக்கில் மோத விடுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, நான் படம் வரையும் அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு எழுத வந்தார். முதல் கதையே ஊற்றிக்கொண்டது.

எங்கள் இயக்குநருக்கு ஒரு பழக்கம். எந்த ஸ்கிரிப்ட் வந்தாலும் வசனத்தை ஒரு வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் படிப்பார். அண்ணியின் யானை, அணில் சண்டையில் மிஞ்சியது ஒரே வரி: ‘யானை கோபமாக நிற்கிறது.’

“நிக்கிற யானைய வரையலாம்மா. கோபத்த எங்க வரையறது? வெள்ளிக்கிழமை மாத்தி எழுதிக் கொண்டாங்க. அதுவும் சரியா வரலேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

சிபாரிசு செய்தவள் நான். எனக்கும் சேர்த்து வியர்த்தது.

வீட்டில் அண்ணி எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். யானை காலை உதைத்தது, காதை அடித்தது.

“கொசு விரட்டுற மாதிரி இருக்கு அண்ணி.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“நாத்தனார்னா சும்மாவா?”

அப்போது அண்ணன் உள்ளே வந்தான். பிரிண்டருக்கு மை வாங்கி வருகிறேன் என்று காலையில் சொல்லிப் போனவன், கையை வீசிக்கொண்டு வந்தான். அண்ணி சோபாவில் அவன் உட்காரும் இடத்தில் கிடந்த தாள்களை வழக்கம்போல் எடுத்தார். அவன் உட்காரக் குனிந்ததும், அவற்றைத் திரும்ப அங்கேயே வைத்தார்.

அண்ணன் நிமிர்ந்தான். “இதோ, போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

அவன் செருப்பை மாட்டுவதற்குள் அண்ணி பேனாவை எடுத்துவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி அடக்கினார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் படித்த கதை இதுதான். அணில் ஏறிக்கொள்ள யானை தினமும் தும்பிக்கையை இறக்கும். இன்றும் இறக்குகிறது. அணில் கால் வைக்கப் போகும்போது தும்பிக்கை ஒரு சாண் உயர்கிறது. அணில் எம்புகிறது. இன்னும் ஒரு சாண். யானையோ வேறெங்கோ பார்க்கிறது. அணில் ஓடிப்போய், தான் ஒளித்து வைத்திருந்த கடலையைக் கொண்டுவந்து வைக்கிறது. தும்பிக்கை மெல்ல இறங்குகிறது. கடலையைத் தொடவில்லை. அணில் ஏறும்வரை காத்திருக்கிறது.

இயக்குநர் வெள்ளைத்தாளும் கையுமாகப் பக்கங்களைப் புரட்டினார்.

“மறைக்க ஒண்ணுமே இல்லையேம்மா.”

தாளை அண்ணியிடம் நீட்டினார். “இந்தாங்க, அடுத்த கதைய இதுல எழுதுங்க.”

அந்தக் காட்சியை வரைந்தவள் நான். என் கைவரிசையைக் காட்ட அங்கங்கே ஏதாவது சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் நானே அழித்தேன். அண்ணி எழுதியதற்கு மேல் ஒரு கோடுகூடத் தேவைப்படவில்லை.

படத்தை வீட்டில் போட்டுக் காட்டினோம். அண்ணன் என் பக்கம் சாய்ந்தான்.

“அந்த அணில எங்கயோ பாத்திருக்கேனே?”

“கண்ணாடியிலதான்” என்றேன்.