ஒரு கஜம் முன்னால் விழு

கோச் பிராட்சர் வீட்டு வாசல் புல்லில் நாலு பலகைகள் நட்டிருந்தன. நாலிலும் ஒரே வாசகம்: 'வீடு விற்பனைக்கு.' வீடு விற்பனைக்கு இல்லை. டெக்சாஸில், பந்தைக் கையால் எறிந்தும் அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடுகிற அந்த ஊர் ஃபுட்பாலில், பள்ளிக்கூடக் கோச் தோற்றுப்போனால் ஊரார் தங்கள் பிரியத்தை இப்படித்தான் தெரிவிப்பார்கள். 'மூட்டையைக் கட்டு' என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாம். பலகை நடுவதற்கு மட்டும் கூச்சமில்லை!

செவ்வாய்க்கிழமை லப்பக் நகரத்திலிருந்து ஒரு தம்பதி நிஜமாகவே வீடு பார்க்க வந்துவிட்டார்கள். கோச்சின் மனைவி வெர்னா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நாலு பலகை நட்டுவிட்டு விற்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? விலையை ஏற்றுவதற்காக வெர்னா நடிக்கிறாள் என்று அந்தம்மாள் முடிவுகட்டி, நேரே உள்ளே போய் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள்.

"சமையல்கட்டு ரொம்பச் சின்னதா இருக்கே."

"சின்னதாத்தான் இருக்கும். என் புருஷன் ஜெயிக்கிற அளவுக்கு இதுவே பெருசு," என்று சொல்லி வெர்னா அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கதவைச் சாத்திய பிறகு உட்கார்ந்து ஒருபாட்டம் அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள்? இருபத்திரண்டு வருஷத்தில் எட்டு ஊர். எட்டு ஊரிலும் திரைச்சீலை தைத்து மாட்டி முடிக்கும்போது புருஷன் ஹோலிஸுக்கு வேலை போயிருக்கும். இந்த டார்கெல்லில்தான் ஆறு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். இங்கேதான் அவள் சொந்தமாக ஒரு பியூட்டி பார்லர் திறந்தாள். இரண்டே நாற்காலிதான், ஆனாலும் இரண்டும் அவளுடையது. ஊர்ப் பெண்கள் எல்லோருடைய தலையும் அவள் கையில். ஆகவே எந்தப் பலகையை எவன் நட்டான் என்பதும் அவளுக்கு அத்துபடி. முதல் பலகை லாயிட் ஸ்பர்லாக் நட்டது. மாட்டுத்தீவனக் கடைக்காரன். அவன் பெண்டாட்டி நோர்மா தலைக்குச் சாயம் போட வந்தபோது தானே உளறிவிட்டாள். வேறொருத்தியாயிருந்தால் அன்றைக்கு நோர்மாவின் தலையைப் பச்சையாக்கி அனுப்பியிருப்பாள். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு பழுப்பாகவே முடித்துக் கொடுத்தாள்.

ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. ஹோலிஸ் ஆட்டம் தெரியாதவன் அல்ல. முதல் பாதியில் அவனுடைய பையன்கள் புயலாக ஆடுவார்கள். முன்னால் போய்விட்டால் போதும், அவனுக்கு என்னவோ ஆகிவிடும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி அவன். பந்தை எறியாதே, தொலைக்காதே, நேரத்தை ஓட்டு, எதிராளி தூரமாக எறிவதை மட்டும் தடு என்று எல்லோரையும் பின்னால் இழுத்து நிறுத்திவிடுவான். எதிராளி கொஞ்சம் கொஞ்சமாகக் கறையான் மாதிரி அரித்துக்கொண்டு வந்து கடைசி நிமிஷத்தில் ஜெயித்துவிட்டுப் போவான். இந்த வருஷம் நாலு ஆட்டம் இப்படிக் கையில் இருந்ததைக் கோட்டை விட்டாயிற்று. நாலு ஆட்டம், நாலு பலகை.

மிஞ்சியிருந்தது டன்மோர் பள்ளியோடு ஒரே ஆட்டம். பள்ளிக்குழுத் தலைவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பளிச்சென்று சொல்லிவிட்டார். "ஜெயிச்சா வேலை உன்னுது, ஹோலிஸ். தோத்தா திங்கக்கிழமை வேற ஆளைப் பார்ப்போம். தப்பா எடுத்துக்காதே."

வெள்ளிக்கிழமை ஆட வேண்டியது. இடி மின்னல் வந்து சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. அன்று காலை ஹோலிஸ் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெர்னா அவன் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு முன்னால போனா பிரேக் போடாதே. அடிச்சுக்கிட்டே இரு."

"வெர்னா, அது அப்படி இல்ல..."

"எப்படியும் இல்ல. சத்தியம் பண்ணு."

"முட்டையைக் குடு."

"சத்தியம்."

அவன் சத்தியம் பண்ணினான். முட்டை ஆறிப்போயிருந்தது.

கோச்சின் மனைவிமார்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டும், காதில் விழுகிற வசவுக்கெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது, ஆட்டம் முடிகிறவரை மைதானத்து வேலிப் பக்கம் போகவே கூடாது. இருபத்திரண்டு வருஷமாக வெர்னா இதில் இம்மியும் பிசகியதில்லை. அன்றும் ஊறுகாய் வெள்ளரி ஒன்றை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நேர் பின்னால், கையில் மாட்டு மணியோடு, லாயிட் ஸ்பர்லாக்!

பாதி ஆட்டத்தில் டார்கெல்லுக்கு இருபது, டன்மோருக்குச் சைபர். லாயிட் மணியைக் குலுக்கினான். "இப்பப் பாருங்கய்யா! நம்ம கோச்சு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துடுவான்!"

ஹோலிஸ் படுக்கவில்லை. மறுபாதி தொடங்கியதும் பந்தைத் தூரமாக எறியச் சொன்னான். ஊரே எழுந்து நின்றது. மறுபடியும் எறியச் சொன்னான். லாயிட் உணர்ச்சிவசப்பட்டு, "இதுதான்யா ஆம்பளை கோச்சு!" என்றான்.

மூன்றாவது எறியை டன்மோர்க்காரன் பாய்ந்து பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான், டச்டவுன். இருபதுக்கு ஏழு.

ஹோலிஸ் எறிவதை நிறுத்தவில்லை. சத்தியம் பண்ணியவனாயிற்றே! எறிகிற பையனை இரண்டு தடியர்கள் சேர்ந்து அமுக்க, பந்து நழுவி உருண்டது, டன்மோர்க்காரன் அதை அள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினான். இருபதுக்குப் பதின்மூன்று. அதற்கப்புறம் கிடைக்கிற ஒற்றைப் புள்ளி உதையைக் கம்பத்தில் அடித்துக் கோட்டைவிட்டார்கள், அது டன்மோரின் போதாத காலம். லாயிட்டின் மணி நின்றுபோயிற்று.

"ஏய்! போதும்யா எறிஞ்சது! ஓடி நேரத்தைத் தள்ளு!" என்று அவனே கத்தினான். போன வாரம்வரை எறி எறி என்று தொண்டை கிழியக் கத்திய அதே வாய். "முன்னால இருக்கறவன் எவனாவது இப்படி ஆடுவானா? கிறுக்குப் புடிச்சிருக்கா இவனுக்கு?"

கிறுக்கு யாருக்குப் பிடித்தது என்று வெர்னாவுக்குத் தெரியும். 'பாவி, என் வாயாலேயே என் கடையை மூடிக்கொண்டேனே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டன்மோர் மறுபடியும் கோட்டைத் தாண்டியது. அதன்பின் சமன் செய்ய வேண்டாம், முந்தியே விடலாம் என்று பேராசைப்பட்டு, ஒற்றைப் புள்ளி உதையை விட்டு இரண்டு புள்ளி முயற்சிக்குப் போய் மண்ணைக் கவ்வியது. இருபதுக்குப் பத்தொன்பது. டார்கெல் ஒரே ஒரு புள்ளி முன்னால்.

பந்து இப்போது டார்கெல் கையில். மீதி ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் நகர்ந்தால் பந்து அவர்களிடமே நிற்கும். மூன்று முயற்சியில் ஒன்பது கஜம் வந்தாயிற்று. பாக்கி ஒரே கஜம், ஒரே முயற்சி. துணிந்து முயன்று தவறினால் பந்து அங்கேயே டன்மோருக்குப் போய்விடும், அவர்கள் கொஞ்சம் நகர்ந்து கம்பங்களுக்கு நடுவே ஒரு நல்ல உதை விட்டால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடுவார்கள். பயந்து பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பினாலும் டன்மோருக்குத்தான் போகும், கொஞ்சம் தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹோலிஸ் ஆட்டத்தை நிறுத்தி இடைவேளை கேட்டான். கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். பெஞ்சு பெஞ்சாக யாரையோ தேடினான்.

வெர்னா எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷச் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு, நாலு பேர் மடியில் இடறி, படியில் இறங்கி வேலிக்கு ஓடினாள். ஊர் முழுக்க 'ஆ' என்றது. ஹோலிஸும் ஓடிவந்தான்.

"சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கறேன்," என்றாள் மூச்சிரைக்க. "உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்."

"எனக்குத் தோணறதைச் செஞ்சா உதைச்சு அனுப்பிடுவேன்."

"ஐயையோ, அப்ப உனக்குத் தோணறது வேணாம்."

"பின்ன?"

"பையன்களைப் பாரு. தடுத்துத் தடுத்து நாக்குத் தள்ளிக் கிடக்கறானுங்க. இன்னொரு தடவை டன்மோரைத் தடுக்க அவங்களால ஆகுமா?"

ஹோலிஸ் திரும்பிப் பார்த்தான். "ஆகாது."

"அப்புறம் என்ன? போ."

அவன் போனான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பையனின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான். அந்தப் பையன் ஜாரட், லாயிட் ஸ்பர்லாக்கின் மகன். வேலியோரம் நின்ற வெர்னாவின் காதில் பாதிக்கு மேல் விழுந்தது. "ஒரு கஜம் எடு, போதும். எல்லாரையும் தாண்டிட்டேன்னு வை, கடைசிக் கோட்டைத் தொடாதே. ஒரு கஜம் முன்னாலேயே விழு. கேக்குதா?"

வெர்னாவுக்கு நொடியில் கணக்குப் புரிந்தது. கடிகாரத்தை நிறுத்த டன்மோரிடம் இடைவேளை ஒன்றுகூட மிச்சமில்லை. பந்து நம்மிடம் இருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் எங்கும் ஓடாமல், பந்தோடு முழங்காலை ஊன்றி ஊன்றியே கடிகாரத்தைக் கொன்றுவிடலாம். கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தாலோ பந்தை டன்மோருக்கு உதைத்துக் கொடுத்தாக வேண்டும். புள்ளி எடுப்பதுதான் ஆபத்து!

பந்து ஜாரட் கைக்கு வந்தது. ஒரு கஜத்தைத் தடுக்க டன்மோர்க்காரர்கள் அத்தனை பேரும் நடுவில் வந்து குவிந்திருந்தார்கள். பையன் இடித்தான், வழுக்கினான், ஓரமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். எதிரே ஒருத்தனும் இல்லை. அறுபது கஜம் வெறும் புல்.

"ஓடுடா! ஓடு!" டார்கெல் ஊரே ஒரே குரலில் அலறியது. லாயிட் மணியை வீசி எறிந்துவிட்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். "என் மகன்டா! என் மகன்! ஓடுடா ராசா!"

"விழுடா! விழு!" ஹோலிஸ் மைதானத்தின் ஓரமாகக் கூடவே ஓடினான். ஐம்பத்தொரு வயது, முட்டிவலி வேறு.

"விழுந்து தொலைடா, ஜாரட்!" வேலியின் இந்தப் பக்கம் வெர்னா ஓடினாள். மூவாயிரம் பேர் ஓடு என்கிறார்கள், இரண்டே பேர் விழு என்கிறார்கள். வயசுப் பையன், அப்பன் கூப்பிடுகிறான், ஊர் கூப்பிடுகிறது, கோடு கூப்பிடுகிறது. எவன் விழுவான்?

பத்து கஜம், ஐந்து கஜம். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் பொசுக்கென்று அடங்கியது. கண்ணைத் திறந்தாள். கோட்டுக்குச் சரியாக ஒரு கஜம் முன்னால், பக்கத்தில் ஈ காக்கை இல்லாத இடத்தில், ஜாரட் பந்தை அணைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

"தடுக்கி விழுந்துட்டானா?" லாயிட் குரல் கீச்சிட்டது. "எதுல தடுக்கினான்? அங்க ஒண்ணுமே இல்லையே!"

யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். லாயிட்டின் முகம் தக்காளியாகிவிட்டது. டார்கெல் பையன்கள் முதல் தடவை முழங்காலை ஊன்றினார்கள். ஊர் 'ஊ' என்று ஊளையிட்டது. இரண்டாம் தடவை ஊன்றினார்கள். ஊளை இன்னும் பெரிதாயிற்று. ஜெயிக்கப்போகிற தன் சொந்த அணியைப் பார்த்து ஊளையிட்ட ஊர் வேறெங்கும் இருக்காது. மூன்றாம் தடவை ஊன்றியபோது கடிகாரத்தில் சைபர். இருபதுக்குப் பத்தொன்பது, ஜெயம் டார்கெல்லுக்கு!

வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சந்தோஷம்தான், ஆனால் அழுகையாகத்தான் வந்தது. ஹோலிஸ் நொண்டிக்கொண்டு வந்து வேலிக்கு மேலாக அவள் தலையில் கை வைத்தான்.

அதற்குள் லாயிட் வந்துவிட்டான். பின்னால் ஒரு கும்பல்.

"யோவ் கோச்சு! உனக்கு மனசாட்சி இருக்கா? என் மகன் வாழ்நாள் பூரா சொல்லிக்கிட்டிருக்க வேண்டிய டச்டவுனுய்யா அது! கோட்டுக்கு முன்னால கொண்டுபோய்ப் படுக்க வெச்சியே!"

"ஜெயிச்சோம்ல, லாயிட்," என்றான் ஹோலிஸ்.

"ஜெயிச்சு என்னய்யா? இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" லாயிட் வேலியைப் பிடித்து உலுக்கினான். "இதோ, ஊர் முன்னால சொல்றேன். அடுத்த வருஷமும் இப்படிப் பண்ணினேன்னு வை, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

'அடுத்த வருஷம்' என்று காதில் விழுந்ததும் வெர்னா சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன, லாயிட்?"

"அடுத்த வருஷம் சும்மா விடமாட்டேன்னு சொன்னேன்!"

"இன்னொரு தடவை சொல்லேன்," என்றாள் வெர்னா.